கடையைத் திடீரென மூடச் சொன்னால்... கல்லாவில் இருப்பது எத்தனை நாளைக்கு வரும்?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று இரவே நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. "மூணு வாரம்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று ஷட்டரை இறக்கியவர்கள்தான் அதிகம். அந்த மூன்று வாரம் மே மாதம் வரை நீண்டது. இடையில் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. 2021 மே மாதம் மறுபடியும் முழு ஊரடங்கு.

கொரோனா காலம் முடிந்துவிட்டது, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோதும், 2023 மிக்ஜாம் புயலிலும் இதே நிலைமைதான். காரணம் வேறு வேறு, ஆனால் கடைக்காரருக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை, கையில் இருப்பது எத்தனை நாளைக்கு?

இதற்குப் பெரும்பாலானவர்களிடம் பதில் இருப்பதில்லை. மாத லாபம் எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். கடையை இன்று மூடினால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் யோசிப்பார்கள். திடீர் முடக்கத்தில் நல்ல லாபத்தில் ஓடிய கடைகளும் விழுந்தது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு டிபன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ரூ.15,000. மாஸ்டர், சப்ளையர் இருவருக்கும் சேர்த்துச் சம்பளம் ரூ.24,000. வங்கிக் கடன் தவணை ரூ.11,000. ஏலச்சீட்டு ரூ.5,000. கரண்ட், போன் ரூ.1,500 (கடை மூடியிருந்தாலும் வணிக இணைப்புக்கு நிலைக்கட்டணம் வரும், மறந்துவிடாதீர்கள்). வீட்டுச் செலவு ரூ.20,000. மொத்தம் ரூ.76,500. கையிலும் வங்கியிலும் சேர்த்து இருப்பது ரூ.70,000 என்றால், 27 நாள். அவ்வளவுதான்.

இதையே முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி மாற்றினால்? பாதி வாடகையை அட்வான்ஸில் கழிக்க ஓனர் சம்மதிக்கிறார். சம்பளம் பாதி, கூடவே கடையில் இருக்கும் அரிசி பருப்பு. தவணையை வங்கி தள்ளிவைக்கிறது. வீட்டுச் செலவை ரூ.14,000-க்குள் அடக்குகிறார்கள். இப்போது மாதச் செலவு ரூ.40,000. அதே 70,000 ரூபாய் 52 நாள் வரும். ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்காமல் 25 நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

இங்கே 'முதல் வாரம்' என்பதுதான் முக்கியம். பலரும் பணம் தீர்ந்த பிறகுதான் ஓனரிடம் பேசப் போவார்கள். அப்போது பேசினால் அது கெஞ்சல். கையில் பணம் இருக்கும்போது, "இந்த மாசம் பாதி தர்றேன், மீதியை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கண்ணே" என்று கேட்டால் அது பேச்சுவார்த்தை. ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் கணக்கில் தகராறு வருவது சகஜம்.

சம்பளத்தை முழுசாக நிறுத்துவதுதான் சுலபமான சிக்கனமாகத் தெரியும். ஆனால் ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வராவிட்டால், கடை திறந்த அன்றைக்கு அடுப்பு மட்டும்தான் இருக்கும்.

தவணை ஒத்திவைப்பு தள்ளுபடி இல்லை

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆறு மாதம். "ஆறு மாச தவணை போச்சு, கட்ட வேண்டாம்" என்று நினைத்தவர்கள் நிறைய பேர். தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ரூ.5 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை சுமார் ரூ.11,122. கடன் வாங்கிய புதிதிலேயே ஆறு மாதம் தள்ளிவைத்தால், அந்த வட்டி அசலில் சேர்ந்து பாக்கி ரூ.5,30,760 ஆகிவிடும். அதே தவணையைத் தொடர்ந்தால் 60-க்குப் பதில் 65 தவணை கட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் பாக்கி இருக்கும். கூடுதலாகப் போவது ரூ.57,000-க்கு மேல். அதே கடனில் ரூ.1 லட்சம்தான் பாக்கி என்ற நிலையில் தள்ளிவைத்தால் கூடுதல் செலவு சுமார் ரூ.6,800 மட்டுமே. ஆக, பழைய கடனைத் தள்ளிவைப்பது மலிவு, புதுக் கடனைத் தள்ளிவைப்பது விலை அதிகம். இரண்டு கடன் இருப்பவர்கள் முதலில் எதைத் தள்ளலாம் என்று முடிவெடுக்க இது உதவும்.

ரூ.2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதத்தின் 'வட்டிக்கு வட்டி'யை மத்திய அரசு 2020 நவம்பரில் திருப்பிக் கொடுத்தது உண்மைதான். வட்டியை அல்ல, வட்டிக்கு வட்டியை மட்டும்.

அதற்காகத் தவணை ஒத்திவைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தவணை கட்டுவதற்காகத் தண்டல் வாங்குவதைவிட, தவணையைத் தள்ளிவைப்பது எவ்வளவோ மேல்.

அவசரத்துக்கு வாங்கும் பணம்

தண்டல் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். 10,000 என்று சொல்லிக் கையில் ரூ.8,500 கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். "ஆயிரத்தைந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் அது ஏறக்குறைய 120 சதவீதம். தினம் வியாபாரம் நடக்கும்போது நூறு ரூபாய் தெரியாது. கடை மூடியிருக்கும்போது அந்த நூறு ரூபாய்தான் அடுத்த தண்டலுக்கு இழுத்துப்போகும்.

போனில் வரும் கடன் செயலிகள் இன்னும் மோசம். 2020 கடைசியில் இந்தச் செயலிகளின் மிரட்டல் தொடர்பாகச் சென்னையிலும் ஐதராபாத்திலும் பலர் கைது செய்யப்பட்டார்கள். உங்கள் காண்டாக்ட் லிஸ்டை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அசிங்கமாக மெசேஜ் அனுப்புவதுதான் அவர்கள் முறை. வியாபாரிக்குப் பெயர்தான் முதல், அதையே பிடித்து உலுக்குகிறார்கள். இப்போது ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாக இருக்கின்றன. கடன் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். ஆண்டு வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். காண்டாக்ட், கேலரி எதையும் செயலி தொடக் கூடாது. அனுமதி கேட்டாலே அது சரியில்லாத செயலி என்று அழித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியலும் இருக்கிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன்தான் பெரும்பாலும் குறைந்த வட்டி. ஆனால் எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவையும் வாங்காமல், கணக்குப் போட்டுத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

உதவி வந்தது, காகிதம் வைத்திருந்தவர்களுக்கு

2020 மே 13 அன்று அறிவிக்கப்பட்ட அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன் கிடைத்தது. புதிதாக அடமானம் வேண்டாம், வங்கிகளில் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, முதல் வருடம் வட்டி மட்டும். நல்ல திட்டம். ஆனால் ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவருக்குத்தான். கந்துவட்டியிலேயே கடையை ஓட்டியவருக்கு 20 சதவீதம் எதில் கணக்கிடுவது?

சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூன் 1 அன்று பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது. முதலில் ரூ.10,000 கடன், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம், பிறகு அடுத்த கட்டக் கடன். இதற்கும் உள்ளாட்சி அமைப்பு கொடுத்த வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ கேட்டார்கள். அட்டை இல்லாதவர்கள் அலைந்தார்கள். இந்தத் திட்டம் இப்போதும் நடக்கிறது. முதல் கடன் ரூ.15,000, இரண்டாவது ரூ.25,000, மூன்றாவது ரூ.50,000. அட்டை வாங்காதவர்கள் வியாபாரம் நன்றாக நடக்கும் இந்த நேரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

கடை, பட்டறை, தையல் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும், போனிலேயே முடித்துவிடலாம், கட்டணம் கிடையாது. தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தனியார் தளங்கள் காசு கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும், அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு உத்யம் அசிஸ்ட் என்று தனி வழி இருக்கிறது. சந்தேகம் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

வர வேண்டிய பாக்கி

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தைத்துக் கொடுத்த துணிக்குப் பாக்கி வெளியே நிற்கும். முடக்கம் வந்ததும் பார்ட்டி சொல்வது, "எனக்கே வரலை, உனக்கு எங்கிருந்து தர?" 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். வேலை கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்தால் வழக்கு பலமாக நிற்கும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில் ஒரு கணக்கு அறிக்கை அனுப்புங்கள்: பில் எண், தேதி, தொகை, அடியில் உத்யம் எண். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், சட்டம் சொல்லும் நாளுக்குள் கொடுக்காத தொகையைப் பணம் கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இது பார்ட்டியின் ஆடிட்டருக்குத் தெரியும். ஆண்டு முடிவில் அவரே பேசிக் கொடுக்கச் சொல்வார்.

வியாபாரமே இல்லாத மாதத்திலும் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு ரூ.20 தாமதக் கட்டணம். விற்பனை பூஜ்யம் என்றால் பதிவு செய்த செல்போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே 3பி படிவத்தை முடித்துவிடலாம்.

கடைசியாக, தவணை ஒத்திவைப்பு எடுத்தவர்கள் தங்கள் கடன் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். 2020-இல் அனுமதியோடு தள்ளிவைத்த மாதங்கள் 'கட்டவில்லை' என்று பதிவாகியிருந்தால் ஆன்லைனிலேயே புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.