பினேயின் அளவுகோலும் அதன் திரிபும்

ஆல்பிரட் பினே (1857–1911) நுண்ணறிவுச் சோதனையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். எனினும் அப்புகழுக்கு அடிப்படையான நுண்ணறிவு ஈவு அவர் வகுத்ததன்று. அவர் கருத்துக்கு உடன்பாடானதும் அன்று.

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக்கல்வியைக் கட்டாயமாக்கியது. பொது வகுப்பில் பின்தங்கிய குழந்தைகளைக் கண்டறிந்து தனிக்கல்வி அளிக்கும் வழியை ஆராய 1904இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. பினே அதில் உறுப்பினர். தலையின் அளவைக்கொண்டு அறிவை மதிப்பிடும் அக்கால முறையை அவர் முன்னரே பள்ளிகளில் சோதித்துப் பார்த்திருந்தார். கண்ட வேறுபாடுகள் மிகச் சிறியவை. அளப்பவரின் எதிர்பார்ப்பே அளவைத் திரிக்கவும் கூடும் என உணர்ந்து, அம்முறையைக் கைவிட்டார். ஓர் ஆய்வாளரின் நேர்மைக்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

தியோடர் சிமோனுடன் இணைந்து 1905இல் அவர் வெளியிட்ட அளவுகோலில் 30 பணிகள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது முதற்பணி. கருத்துநிலைச் சொற்களின் பொருள் வேறுபாட்டை விளக்குவது இறுதிப்பணி. பள்ளியில் மனனம் செய்தவற்றைவிடத் தீர்மானிக்கும் ஆற்றலையே அவர் நாடினார். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பணிகள் வயதுவாரியாக அடுக்கப்பட்டன. ஒன்பது வயதுச் சிறுவன் ஆறு வயதினருக்குரிய பணிகளோடு நின்றுவிடின், அவனுக்கு உதவி தேவை என்பதே அதன் பொருள்.

பினே மறைந்த மறு ஆண்டு, 1912இல், ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உடல்வயதால் வகுத்தார். 1916இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அவ்வீவை 100ஆல் பெருக்கிப் பரவலாக்கினார். அதற்கு முன்பே ஹென்றி காடர்டு அவ்வளவுகோலை ஆங்கிலத்தில் பெயர்த்து, நுண்ணறிவு மரபுவழிப்பட்டது என்னும் கொள்கைக்குத் துணையாக்கியிருந்தார். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகள்மீதும் அது ஏவப்பட்டது. நெடும் பயணத்தால் களைத்து, அந்நாட்டு மொழியும் அறியாது நின்றோரின் விடைகள் அவர்தம் அறிவின் அளவாகக் கொள்ளப்பட்டன! உதவி நாடிப் பிறந்த கருவி விலக்கும் கருவியாயிற்று.

பினேயின் நிலைப்பாடோ முற்றிலும் வேறு. ஒருவரின் நுண்ணறிவு கூட்ட இயலாத நிலையான அளவு என்போரை 1909இல் எழுதிய நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய மாணவர்க்கான வகுப்புகளுக்கு ‘மனச் சீரமைப்பு’ எனும் பயிற்சிகளையும் பரிந்துரைத்தார். அவற்றுள் ஒன்று சிலை விளையாட்டு: ஆசிரியர் குறிகாட்டியதும் குழந்தைகள் அசையாது நிற்கவேண்டும். கவனமும் மனவுறுதியும் பயிற்சியால் வளரும் என்று அவர் நம்பினார், பாடம் அதன்பின்னரே.