வளரும் எலும்பும் பழகும் கண்ணும்

கால்பந்து ஆடும் சிறுவர் சிறுமியரைப் பிறந்த தேதியைப் பார்த்து அணி பிரிப்பதே உலகெங்கும் உள்ள வழக்கம் என்றாலும், பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் பிறந்த தேதி காட்டும் வயதும் உடல் காட்டும் வயதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒரே அணியில் ஆடும் 13 வயதுப் பையன்கள் இருவரில் ஒருவனுக்கு மீசை அரும்பித் தோள் அகன்றிருக்க, மற்றவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போலவே தோன்றக்கூடும். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எல்லோருக்கும் ஒரே அளவாகத் தரப்படும் பயிற்சி, வேகமாக வளர்ந்துகொண்டிருப்பவனின் மூட்டுகளையும் இன்னும் வளராதவனின் தன்னம்பிக்கையையும் ஒருசேரப் பாதிக்கிறது.

சிறுமியருக்கு ஏறத்தாழ 12 வயதிலும், சிறுவர்களுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் மிக விரைந்து கூடுகிறது. அந்த ஓராண்டில் மட்டும் ஒரு பையன் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்ந்துவிடுவது இயல்பு. எலும்பு முதலில் நீள, தசையும் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் பின்தங்கியே தொடர்வதால், அந்த மாதங்களில் தசைநாண்கள் இழுத்துக் கட்டிய கயிறு போல விறைத்திருக்கின்றன. தொடையின் முன்பக்கத் தசை, முழங்கால் சில்லின் வழியாகக் கீழிறங்கி, முன்னங்கால் எலும்பின் மேல்முனையில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பகுதியைப் பற்றியிருக்கிறது. பந்தை உதைக்கும்போதும், ஓட்டத்தைச் சட்டென நிறுத்தும்போதும், துள்ளும்போதும் அந்த இளம் பகுதி ஓயாமல் இழுபட்டு வீங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொட்டாலே வலிக்கும் சிறு புடைப்பாகத் திரள்கிறது. 1903 ஆம் ஆண்டில் இதனைத் தனித்தனியே விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் இது ஆஸ்குட்-ஷ்லாட்டர் நோய் என வழங்கப்படுகிறது. பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் வலியும் தணிந்துவிடும் இந்தத் தொல்லைக்கு முதன்மையான மருந்து, ஓட்டத்தையும் உதையையும் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொள்வதே. மண்டியிட முடியாமல் முகம் சுளிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கருதி மேலும் இரண்டு சுற்று ஓடவிடும் பயிற்சியாளர், கண்டிப்பு என்ற பெயரில் தீங்கே செய்கிறார்.

இதைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்துவைத்து, கோடுகளுக்கிடையே இடைவெளி திடீரென அகலும்போது பயிற்சியின் கடுமையைக் குறைத்தால் போதும். பள்ளி, கிளப், தனிப்பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வாரத்தில் விளையாடும் மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் கூறும் எளிய அளவுகோல். பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் அவசியம். விடியற்காலைப் பயிற்சிக்காக அதை வெட்டுவது எவ்வகையிலும் இலாபமாகாது.

ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் வார்ம்-அப் முறைகளுள் நன்கு சோதிக்கப்பட்டது ‘ஃபிஃபா 11+’ என்ற தொகுப்பாகும். மெதுவோட்டத்தில் தொடங்கி, வயிறு, இடுப்பு, தொடை ஆகியவற்றை வலுப்படுத்தும் பயிற்சிகளையும், ஒற்றைக் காலில் நிற்பது, துள்ளி இறங்குவது போன்ற சமநிலைப் பயிற்சிகளையும் கடந்து, வேகவோட்டத்தில் முடியும் இதற்கு ஏறத்தாழ 20 நிமிடங்களே பிடிக்கும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், இதைப் பின்பற்றிய அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

உடல் பிந்தி வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. தோளால் மோதி வெல்ல முடியாத அவர்கள், பந்து வருமுன்பே தம்மைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குரோஷியாவின் லூகா மோட்ரிச் சிறுவயதில் மிகவும் மெலிந்தவர் என்று ஒரு பெரிய கிளப்பால் ஒதுக்கப்பட்டும், 2018 இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி’ஓர் விருதைப் பெற்றார். நார்வே ஆய்வாளர் கெய்ர் யூர்டெட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைப் படப்பதிவுகளில் கவனித்து, பந்தைப் பெறுமுன் தலையைத் திருப்பி அடிக்கடி சுற்றிலும் நோக்குபவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகச் சென்று சேர்கின்றன என்று காட்டினார். இந்தப் பார்வை பிறவியில் வருவதன்று, பழக்கத்தில் வருவது. பார்சிலோனா கிளப்பில் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப் பயிற்சியின் மையமாக்கிய ‘ரோண்டோ’ என்பதில், வட்டமாக நிற்பவர்கள் நடுவில் உள்ள ஓரிருவருக்குச் சிக்காமல் பெரும்பாலும் ஒரே தொடுதலில் பந்தைக் கைமாற்றுகிறார்கள்; பந்து காலுக்கு வந்த பின் யோசிப்பவனுக்கு அதில் இடமில்லை. இன்னும் எளிய ஒன்றும் உண்டு. பந்தை வாங்கப்போகும் பையனின் முதுகுப்புறம் நின்று பயிற்சியாளர் விரல்களை உயர்த்திக்காட்ட, பந்து காலைத் தொடுமுன் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும்.

மனத்தைப் பயிற்றுவது என்றவுடன் ஊக்க உரைகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவற்றைவிட முதன்மையானது, மனம் தளர்வதைப் பேச இடம் தருவது. ஆண்ட்ரெஸ் இனியெஸ்டா தம் 12 ஆவது வயதில் சிற்றூரிலிருந்து பார்சிலோனாவின் லா மாசியா விடுதிக்கு வந்த நாட்களில், வீட்டு ஏக்கத்தால் மிகவும் அழுததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2009 இல் நண்பர் டானி ஹார்க்கே இறந்த பின் மனச்சோர்வில் வீழ்ந்து, உளவியல் வல்லுநரின் உதவியை நாடியதையும் அவர் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 116 ஆவது நிமிடத்தில் ஸ்பெயினுக்குக் கோப்பையை வென்றுதந்த கோலை அடித்தவர் அவரே.

பதற்றத்தைக் கையாள்வதும் உடற்பயிற்சியைப் போலவே திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டிய ஒன்று. பெனால்டி உதைகளையும் ஆராய்ந்த யூர்டெட், நடுவரின் விசில் கேட்டவுடன் அவசரமாக உதைப்பவர்களே அதிகம் தவறவிடுகிறார்கள் என்று கண்டார். ஆகவே பந்தை வைப்பது, எண்ணிப் பின்வாங்குவது, ஒரு முறை ஆழ்ந்து மூச்சுவிடுவது என்ற மாறாத வரிசை ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். அதையும் பயிற்சியின் தொடக்கத்தில் தெம்பாக இருக்கும்போது அல்லாமல், கால்கள் ஓய்ந்த பின், அணியினர் அனைவரும் நடுக்கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக அங்கிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் தனியே நடந்துவந்து உதைக்கும்படி அமைத்தால், அந்த நடை எத்தனை நீளமானது என்பதை அவர்கள் ஆட்ட நாளுக்கு முன்பே அறிந்துகொள்வார்கள்.