விரலின் வேலையும் கண்ணின் வேலையும்

தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மவருள் பலருடைய குடும்ப வரலாற்றைத் துருவிப் பார்த்தால், அதன் முதற் பக்கத்தில் ஒரு தட்டச்சுப்பொறி இருக்கக் காணலாம். பள்ளியிறுதி வகுப்புத் தேறியதும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்வது. ‘லோயர்’, ‘ஹையர்’ ஆகிய தேர்வுகளை முடித்து, பிட்மன் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறுவது. தில்லியில் கரோல் பாக்கிலோ, அந்நாளைய பம்பாயில் மாதுங்காவிலோ உறவினர் ஒருவர் அறையில் தங்கி வேலை தேடுவது: இதுவே வழக்கமாக இருந்தது. நிமிடத்துக்கு 45 சொற்களைப் பிழையின்றி அடிக்கவல்ல விரல்களுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு என்ற நம்பிக்கையும் வீண்போகவில்லை.

அவ்விரல்களின் மதிப்பு குறைந்தது ஏன் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியது 1955ஆம் ஆண்டில். அவ்வுற்பத்தி நின்றுவிட்டது என்ற செய்தி 2011இல் உலகெங்கும் பரவியது. ஆயினும் பொறி போனதால் திறமை போய்விட்டது என்று சொல்வது சரியன்று. முற்காலத்தில் நான்கு கார்பன் படிகளோடு அடித்த தாளில் ஒரு சொல் பிழைத்தால், பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க நேரும். பிழைக்கு விலை உண்டு; ஆதலால் பிழையின்மைக்கும் விலை இருந்தது. கணினித் திரையிலோ பிழையை அழிப்பதற்குக் காசு செலவில்லை. எனவே செயலாளர் முதல் கடைநிலை எழுத்தர் வரை அனைவரும் தாமே அடித்துக்கொள்ளத் தொடங்கினர். தட்டச்சு அழியவில்லை, எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. பொதுவான திறமைக்குத் தனிச் சம்பளம் தருவார் யார்? சுருக்கெழுத்து மட்டும் இன்னும் சிறிது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் சுருக்கெழுத்தர் தேர்வில் ‘டி’ நிலைக்கு நிமிடத்துக்கு 80 சொற்கள், ‘சி’ நிலைக்கு 100 சொற்கள் என்னும் விதி தொடர்கிறது. ஆனால் எடுத்த குறிப்பைப் பெயர்த்தெழுதுவது கணினியில்தான்.

இப்பொழுது அலை நம் மொழிபெயர்ப்புத் தொழிலையும் வந்து தொட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளை மாநில மொழிகளில் பெயர்ப்பதற்குச் ‘சுவாஸ்’ என்னும் கருவியை 2019இல் மேற்கொண்டது. மத்திய அரசின் ‘பாஷிணி’த் திட்டம் 2022இல் தொடங்கிற்று. இத்தகைய கருவிகள் இலக்கணம் கற்றவை அல்ல. இரு மொழிகளிலும் இணையாகக் கிடைக்கும் இலட்சக்கணக்கான வாக்கியங்களில் பயிற்றுவிக்கப்பட்டு, இச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துச் செல்பவை. கணிப்பு பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடத்திலும் நடை சரளமாகவே இருக்கும். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஆங்கில விதிகளில் ‘மே’ என்றொரு துணைவினை அடிக்கடி வரும். ‘அலுவலர் விடுப்பு வழங்கலாம்’ என்றால் அது அதிகாரம். ‘விடுப்பு வழங்கக்கூடும்’ என்றால் வெறும் ஊகம். இரண்டும் நல்ல தமிழே. ஆனால் இரண்டாவதை நம்பி ஓர் ஊழியர் விடுப்புக் கோரினால், விதியில் அப்படி அதிகாரமே இல்லை என்று மறுத்துவிட இடமுண்டு. ‘சாங்ஷன்’ என்ற சொல்லும் அத்தகையதே. நிதிக் கோப்பில் அது ஒப்பளிப்பு. வெளிநாட்டு உறவு பற்றிய கோப்பில் அதுவே தடை. இவ்வேறுபாட்டைக் காண்பதற்கு வேகமான விரல்கள் உதவா. மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து ஐயுறும் கண் வேண்டும்.

அக்கண் எவ்வாறு அமையும் என்பதே நம்மை வருத்தும் கேள்வி. இன்று மேற்பார்வை செய்வோர் பல்லாண்டுகள் சுற்றறிக்கைகளையும் டெண்டர் அறிவிப்புகளையும் கைப்படப் பெயர்த்துப் பழகியவர்கள். அச்சில்லறை வேலைதான் முதலில் இயந்திரத்திடம் சென்றிருக்கிறது. புதிதாகச் சேர்வோருக்கு எடுத்த எடுப்பில் கிடைப்பது திருத்தும் வேலை. ஒன்றைத் தானே செய்து பாராதவர் அதைத் திருத்துவது எங்ஙனம்? எனவே நாம் பணிபுரியும் பிரிவில், புதியவர் நாள்தோறும் ஒரு பக்கத்தைத் தாமே பெயர்த்து முடித்த பின்னரே இயந்திரத்தின் வரைவைக் காட்டுகிறோம். இதனால் அரை நாள் வீணாகிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் வங்கமும் பயில்கின்ற அவர்கள் பன்மொழிப் பணிக்கு இயல்பாகவே உரியவர்கள். ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் தமிழ் வரைவைச் சரிபார்க்க இயலாது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகள் உள்ளன. அத்தகைய வசதி இல்லாத ஊர்களில் பெற்றோரே மாலையில் அரைமணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் செய்தி ஒன்றையும், கைப்பேசி அதற்குத் தரும் தமிழ்ப் பெயர்ப்பையும் பிள்ளைகள் முன் வைத்து, எங்கே தவறு என்று கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தின் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் உற்சாகம் பாடப் புத்தகத்தில் இருப்பதில்லை.