நிரலின் நாட்குறிப்பு: எதை எழுதுவது, எதை விடுவது?

ஜாவாஸ்கிரிப்ட் பழகும் எவருக்கும் முதலில் கைகொடுப்பது ‘கன்சோல்.லாக்’. இந்த ஒரு வரியை இடையில் செருகினால், அந்தக் கட்டத்தில் நிரலுக்குள் என்ன நடக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். சிக்கல் பிறகுதான் வரும். செருகிய வரிகள் நூற்றுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் ஒருவரால் பணம் செலுத்த முடியாமல் போன விவரம், ‘பொத்தான் அழுத்தப்பட்டது’ என்பது போன்ற ஆயிரம் வரிகளுக்கு நடுவே புதைந்துபோகும். எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாலோ, அடுத்த முறை தவறு நேரும்போது துப்பு ஒன்றும் இருக்காது.

இதற்கான தீர்வு ஜாவாஸ்கிரிப்டைவிட மூத்தது. 1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் மின்னஞ்சல் மென்பொருளுக்காக ‘சிஸ்லாக்’ என்ற பதிவு முறையை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு செய்தியும் அதன் அவசரத்துக்கேற்ப 0 முதல் 7 வரை ஒரு நிலையைப் பெறுகிறது.

‘லாக்லெவல்’ என்ற சிறிய நிரல் நூலகம் இதே யோசனையை உலாவிக்குள் கொண்டுவருகிறது. டிரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என ஐந்து நிலைகள். நாம் எதுவும் மாற்றாதவரை வார்ன், எரர் இரண்டு மட்டுமே வெளியே தெரியும். தவறைத் தேடும்போது ‘செட்லெவல்’ கட்டளையால் டீபக் நிலைக்கு இறக்கினால் போதும். நிரலில் வேறெதையும் தொட வேண்டாம். அந்த மாற்றத்தை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். நேற்று இறக்கியதை மறந்துவிட்டு, இன்று திரை நிறையச் செய்திகள் கொட்டுவதைப் பார்த்துக் குழம்புவதும் உண்டு!

எந்தச் செய்திக்கு எந்த நிலை என்பதை நூலகம் சொல்லாது. பயனர் மறைச்சொல்லைத் தவறாகத் தட்டினால் அது எரர் அல்ல, இன்ஃபோ. இணைப்பு முதலில் அறுந்து இரண்டாம் முயற்சியில் கிடைத்தால் வார்ன். தரவுத்தளத்தையே எட்ட முடியவில்லை என்றால்தான் எரர். எதற்கெடுத்தாலும் எரர் என்று எழுதினால், தினமும் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கதைதான். யாரும் கீழே இறங்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2018 மே மாதம் டுவிட்டர் தன் 330 மில்லியன் பயனர்களிடமும் மறைச்சொல்லை மாற்றுவது பற்றி யோசிக்கச் சொன்னது. மறைச்சொற்கள் உருமாற்றப்படுவதற்கு முன்பே, நிறுவனத்தின் உள்பதிவில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததே காரணம். யாரும் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு அறிகுறி இல்லை என்றது நிறுவனம். ஆனால், எழுதியது எழுதியதுதான்.

‘டீபக் நிலையில்தானே எழுதுகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது’ என்று நினைப்பது தவறு. சிக்கல் வரும் நாளில் முதலில் திறக்கப்படுவதே அந்த நிலைதான். சர்வரில் இயங்கும் நிரல்களுக்கான ‘பினோ’ நூலகத்தில், மறைக்க வேண்டிய விவரங்களின் பெயரை ‘ரிடாக்ட்’ பட்டியலில் கொடுத்துவிடலாம். எந்த நிலையில் எழுதினாலும் அவை மறைக்கப்பட்டே பதிவாகும். லாக்லெவலில் அந்த வசதி இல்லை. அங்கே பயனரின் விவரத்தை மொத்தமாக அச்சிடும் வரிகளைத் தேடி, அடையாள எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நாமே நீக்க வேண்டும்.