'கொலு பொம்மை' தேடினா உங்க கடை வருதா? சொந்தமாக ஏஐ எஸ்இஓ கருவி கட்டும் டெவலப்பர்கள்: எப்படி வேலை செய்யுது?

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. தெரு முழுக்க கொலு பொம்மைகள். ஆனால் இப்போது பேரம் தெருவில் தொடங்குவதில்லை. போனில், கூகுள் தேடலில் தொடங்குகிறது. அங்கே முதல் பக்கத்தில் வராத கடை, வாங்குபவருக்குக் கடையே இல்லாத மாதிரிதான்.

தேடலில் மேலே வருவதற்கான வேலைதான் எஸ்இஓ. இதற்கு ஏஜென்சியையோ, மாதச் சந்தா கருவியையோ நம்பியிருந்த டெவலப்பர்கள் இப்போது ஏஐ மாடல்களைச் சேர்த்துத் தாங்களே கருவி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே சொதப்பும்? பார்க்கலாம்.

எதுக்கு சொந்தமா கட்டணும்?

முதல் காரணம் காசு. பிரபலமான எஸ்இஓ கருவிகளின் மாதச் சந்தா 100 டாலரைத் தாண்டும். சீசனில் மட்டும் வியாபாரம் நடக்கும் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

இரண்டாவது காரணம் தரவு. எந்தத் தேடலில் உங்கள் தளம் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்ற விவரங்களை கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசமாகவே தருகிறது. திரையில் 1,000 வரிசைகள்தான் தெரியும். ஏபிஐ வழியாக எடுத்தால் ஒரு கோரிக்கைக்கு 25,000 வரிசைகள் வரை கிடைக்கும். 16 மாதத் தரவு இருப்பதால் போன நவராத்திரியில் மக்கள் என்ன தேடினார்கள் என்று இந்த ஆண்டு பார்க்க முடியும். கொலு வியாபாரத்துக்கு இது தங்கம்.

எப்படி வேலை செய்யுது?

1. எடுப்பது: ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் வாரம் ஒருமுறை சர்ச் கன்சோல் தரவை எடுத்து வைக்கும். இதற்கு ஏஐ தேவையே இல்லை.

2. வடிகட்டுவது: நிறைய பேர் கண்ணில் பட்டும் 8 முதல் 20-வது இடத்துக்குள் தேங்கி நிற்கும் பக்கங்களை மட்டும் பிரிப்பது. கொஞ்சம் திருத்தினாலே மேலே ஏற வாய்ப்பிருப்பவை இவைதான்.

3. குழுவாக்குவது: ஏஐ உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. 'கொலு பொம்மை விலை', 'தசாவதாரம் செட் எவ்வளவு' இரண்டும் விலை கேட்பவை. 'மரப்பாச்சி அமெரிக்காவுக்கு அனுப்புவீங்களா' என்பது டெலிவரி கேள்வி. ஆயிரக்கணக்கான தேடல்களை இப்படி நோக்கம் வாரியாக மாடல் சில நிமிடங்களில் பிரித்துவிடும்.

4. வரைவு: தலைப்பு, சுருக்கம், விடுபட்ட கேள்விகளுக்கான பதில் ஆகியவற்றை மாடல் எழுதித் தரும்.

5. மனிதர் பார்ப்பது: கடைக்காரர் ஓகே சொன்ன பிறகே பதிவேற்றம்.

6. அளப்பது: சில வாரங்கள் கழித்து இடம் மாறியதா, க்ளிக் கூடியதா என்று அதே தரவில் பார்ப்பது.

தமிழில் என்ன சிக்கல்?

சென்னையில் ஓர் இடத்துக்கு ஒரு பெயர் கிடையாது. தியாகராய நகர், தி.நகர், டி.நகர் மூன்றும் ஒன்றுதான். அடையாறு, அடையார் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். இதையே ஆங்கில எழுத்தில் தட்டும்போது இன்னும் பல வடிவங்கள். 2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத உத்தரவிட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அரசுக்கே தலைவலியான விஷயத்தைக் கருவி தானாகப் புரிந்துகொள்ளும் என எதிர்பார்க்க முடியாது. மாற்றுப் பெயர்ப் பட்டியலை டெவலப்பர்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது யூனிகோடு. 'கொலு', 'பொம்மை' இரண்டிலும் உள்ள 'ொ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு சொற்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

முகவரியிலும் கவனம் தேவை. 'மயிலாப்பூர்' என்ற ஆறு எழுத்துச் சொல் யூடிஎஃப்-8 முறையில் 33 பைட்டுகள். அதை இணைய முகவரியில் வைத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், சதவீதக் குறிகளோடு 99 எழுத்துகளாக நீளலாம்.

ஏஐ எங்கே சொதப்பும்?

தெரியாததையும் தெரிந்த மாதிரி எழுதும். காகிதக்கூழ் பொம்மையைக் களிமண் பொம்மை என்று எழுதிவிட்டால், எடை பார்த்து வெளிநாட்டுக்கு ஆர்டர் செய்பவர் ஏமாந்துபோவார். சென்னைக் கதவு எண்களில் பழைய எண், புதிய எண் குழப்பம் வேறு. மாடல் ஒன்றை விட்டுவிட்டாலோ இரண்டையும் மாற்றிப் போட்டாலோ வாடிக்கையாளர் வேறு வாசலில் நிற்பார்.

அதனால் விலை, முகவரி, பொருள், நேரம் ஆகியவற்றை மாடல் எழுதவே கூடாது. கடையின் சொந்தப் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்பது பாதுகாப்பான விதி.

ஏஐ எழுதினா கூகுள் தண்டிக்குமா?

ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் தண்டிப்பதில்லை. யார் எழுதினார்கள் என்பதைவிடத் தரம்தான் முக்கியம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் விளக்கம் தந்தது. ஆனால் 2024 மார்ச்சில் விதி இறுகியது. தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பயனில்லாத பக்கங்களை மொத்தமாகக் குவிப்பது, மனிதர் செய்தாலும் மெஷின் செய்தாலும், ஸ்பேம்தான். பகுதிப் பெயரை மட்டும் மாற்றி 'அடையாறில் கொலு பொம்மை', 'தி.நகரில் கொலு பொம்மை' என்று 200 பக்கங்கள் போடும் ஆசையை இங்கேயே கைவிடுவது நல்லது. மாட்டினால் தளமே தேடலிலிருந்து காணாமல் போகலாம்.

க்ளிக்கே குறையுதே, இதெல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்வி. தேடலின் மேலேயே பதில் சொல்லிவிடும் 'ஏஐ ஓவர்வியூஸ்' 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அக்டோபரில் தமிழுக்கும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 900 பேரின் 2025 மார்ச் மாதத் தேடல்களை பியூ ஆய்வு மையம் ஆராய்ந்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான இணைப்பு க்ளிக் செய்யப்பட்டது. சுருக்கம் வராதபோது 15 சதவீதம்.

'கொலு என்றால் என்ன?' போன்ற பொதுக் கேள்விகளுக்கு இனி பலர் தளத்துக்குள் வரமாட்டார்கள். ஆனால் தசாவதாரம் செட் இன்று ஸ்டாக்கில் இருக்கிறதா, என்ன விலை, உடையாமல் சிங்கப்பூர் போய்ச் சேருமா என்ற கேள்விகளுக்குப் பதில் கடையிடம் மட்டுமே இருக்கிறது. கருவியின் வேலை, மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று காட்டுவதுதான். பதிலைக் கல்லாவில் இருப்பவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதல் மூன்று படிகளை மட்டும் செய்து பார்க்கலாம். அதுவும் ஆடி மாதத்துக்குள். புரட்டாசியில் திருத்திய பக்கத்தை கூகுள் கவனிப்பதற்குள் கொலுவே கலைந்திருக்கும்.