கல், மரம், கூடை

சிவகாசிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊருக்குள் விசாரித்தால் ஒரு பசுவின் கதையைச் சொல்வார்கள். அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து ஒரு லிங்கத்தைத் தென்காசிக்குக் கொண்டுபோகிறான். வழியில், லிங்கத்தைச் சுமந்து வந்த பசு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. எவ்வளவு ஓட்டியும் நகரவில்லை. இறைவன் இருக்க விரும்பிய இடம் இதுதான் என்று லிங்கத்தை அங்கேயே வைத்தார்கள். ஊர் சிவகாசி ஆயிற்று.

பசு நின்றதற்குச் சான்று கிடையாது. ஆனால் பாண்டியனுக்குக் காசி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்குள் புகுந்தது. பிறகு சுல்தான்கள் ஆண்டார்கள், அதன்பின் விஜயநகரத்தார் வந்தார்கள். மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கித் தென்காசியைத் தலைநகராக்கினர். அங்கே காசி விசுவநாதர் கோயில் எழத் தொடங்கியது 1446இல். தலைநகரைப் பறிகொடுத்த ஓர் அரச மரபு, யாராலும் பறிக்க முடியாத ஒரு புனிதப் பெயரைத் தன் மண்ணுக்குக் கொண்டுவந்தது. பசுவின் கதை அந்தக் காலத்து மனத்தைக் காட்டுகிறது.

இதைப் போலவே தூரத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கல் ஒன்று ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அந்நாட்டு அரசர்கள் ஸ்கோன் என்ற ஊரில் அதன்மேல் அமர்ந்துதான் முடிசூடினார்கள். விவிலியத்து யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல், எகிப்து, ஸ்பெயின், அயர்லாந்து வழியாக வந்தது என்பது கதை. புவியியலாளர்கள் சோதித்துப் பார்த்தபோது அது ஸ்கோன் பக்கத்திலேயே கிடைக்கும் மணற்கல் என்று தெரிந்தது. ஆனாலும் கல்லின் மதிப்பு குறையவில்லை. 1296இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் அதைத் தூக்கிக்கொண்டு போனான். சரியாக 700 ஆண்டு கழித்து, 1996இல், அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. எங்கிருந்து வந்தது என்பதில் கதை பிசகலாம். அந்தக் கல் தங்களுக்கு என்னவாக இருந்தது என்பதில் அம்மக்கள் பிசகவில்லை.

ஆகவே நாட்டார் கதை ஒன்றைக் கையில் எடுத்தால் ‘இது நடந்ததா’ என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும்.

விருதுநகர், சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களுக்குப் போவோம். அங்கே வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் கம்பளத்து நாயக்கர்கள் தங்கள் வரவைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வடக்கே ஓர் அரசன் தங்கள் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள். பின்னால் படை துரத்துகிறது, முன்னால் ஆறு கரைபுரள்கிறது. அப்போது கரையிலிருந்த புங்க மரங்கள் வளைந்து பாலமாயின. அக்கரை சேர்ந்தவர்கள் அன்றிலிருந்து புங்க மரத்தை வணங்குகிறார்கள். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் வளையும் மரத்தை வைத்தது இது போன்ற மரபிலிருந்துதான்.

வரலாற்றாசிரியர்கள் இந்த வரவை வேறு விதமாக விளக்குகிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகரப் படை மதுரையை வென்றபின், படைவீரர்களும் உழவர்களும் அலை அலையாகத் தெற்கே வந்தார்கள். நெல் விளையும் ஆற்றங்கரைகளில் ஏற்கெனவே ஆள் இருந்தது. மிஞ்சியது கரிசல். மழையில் களியாக ஒட்டி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். அதிலுள்ள களிமண் துகள்கள் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். புதியவர்களுக்கு அது மிரட்சி தரும். தெலுங்கு நாட்டுக் கரிசலில் உழுது பழகியவர்களுக்கோ அது தெரிந்த மண். பருத்தியும் கம்பும் விதைத்து நிலைத்துவிட்டார்கள்.

வென்ற படையின் பின்னால் வந்தவர்கள், தப்பி வந்ததாக ஏன் சொல்கிறார்கள்? வழியில் சிலர் உண்மையாகவே தப்பி வந்திருக்கலாம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ‘நிலம் தேடி வந்தோம்’ என்பதில் பேரப்பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இல்லை. ‘மானத்துக்காக வந்தோம், மரமே வழிவிட்டது’ என்பதில் ஒரு குலம் எப்படி வாழ வேண்டும் என்ற பாடமே இருக்கிறது.

மூன்றாவது கதை, நாடார் சமூகத்தார் சொல்வது. பத்திரகாளி வளர்த்த ஏழு பிள்ளைகள். வெள்ளம் வந்தபோது கரையை அடைக்க மண் சுமக்கும்படி அரசன் கட்டளையிட்டான். ‘கூடையைத் தொடமாட்டோம்’ என்றார்கள். இருவரை யானையின் காலில் இட்டான் அரசன். துண்டான தலை வெள்ளத்தில் மிதந்துபோகும்போதும் அதையே சொன்னதாம். எஞ்சிய ஐவரின் வழிவந்தவர்களே தாங்கள் என்பார்கள்.

கோயிலுக்குள் நுழைய விடப்படாமல் ஒடுக்கப்பட்ட மக்கள் இந்தக் கதையைச் சொல்லித் தலைநிமிர்ந்தார்கள். தாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர் என்று நூல்கள் எழுதினார்கள். பசு நின்ற கதைக்குரிய அதே சிவகாசி விசுவநாதர் கோயிலில் நுழைவுரிமை கேட்டார்கள். பகை முற்றியது. 1899 ஜூன் 6 அன்று சிவகாசி நகரமே தாக்கப்பட்டு உயிர்கள் பலியாயின. கமுதி என்ற ஊரில் இதே போன்ற கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908இல் அங்கேயும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. நீதிமன்றம் வழக்கத்தைப் பார்த்தது. கதையை அது ஆவணமாக ஏற்கவில்லை.

ஆனால் அதற்குள் அந்தக் கதை வேறொரு வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. விருதுபட்டி என்று அப்போது அழைக்கப்பட்ட விருதுநகரில், 1889இல், சமூகத்தார் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். வணிகர்கள் மகமை என்ற பொதுநிதிப் பங்கைக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்து வைத்தார்கள். கூடை சுமக்க மறுத்தவர்களின் பிள்ளைகள் தாங்கள் என்ற நினைப்பையே பெயராக்கி, ‘சத்திரிய வித்தியாசாலை’ என்று பலகை மாட்டினார்கள்.

கதை அங்கேயே நின்றிருந்தால் வெறும் குலப்பெருமையாக முடிந்திருக்கும். பிடியரிசியோடு சேர்ந்ததால் அது கல்வியாயிற்று. அந்தப் பள்ளியில் படித்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்து, மதிய உணவும் போட்டார். ஒரு கதையின் மதிப்பை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான்: அது நடந்ததா என்பதோடு, அதை நம்பியவர்கள் பிறகு என்ன செய்தார்கள், அதில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும்.