சோறு குழைந்ததா? கவலை வேண்டாம்!

கல்யாணமாகி வெளியூர் போகிறாள் பெண். அங்கே அம்மா இல்லை. அடுப்பு இருக்கிறது, பக்குவம் தெரியவில்லை. யாரைக் கேட்பது?

இப்படித் தவித்தவர்களுக்குத் துணையாக வந்தது, மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்ற புத்தகம். பெயரிலேயே பாடம் இருக்கிறது. படித்தால் மட்டும் போதாது. சமைத்துப் பார்க்க வேண்டும்.

ஆணோ பெண்ணோ, முதலில் சோறு வடிக்கப் பழகுங்கள். அரிசியைக் களைந்து, கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவே அரிசி தட்டுப்பட்டால் இன்னும் வேகவேண்டும். மெத்தென்று நசுங்கினால் உடனே கஞ்சியை வடித்துவிடுங்கள்.

இன்று குழைந்துவிட்டதா? தயிர் விட்டுப் பிசையுங்கள். தயிர்ச் சோறு ஆயிற்று! நாளைக்குக் கை தானே பழகிவிடும்.